கடிகாரம் பிடிக்கப் போனவள்

"அசையாதேடி! கண்ணுக்குள்ள போச்சுன்னா அதுக்கும் என்னைத்தான் திட்டுவ."

பிழிந்து போட்ட எலுமிச்சை மூடியால் தங்கையின் கண்ணைச் சுற்றித் தேய்த்துக்கொண்டிருந்தாள் அம்மா. அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்க்கிற வேகம். வலக்கண்ணைச் சுற்றி ஒரு வளையம், இடக்கண்ணைச் சுற்றி ஒரு வளையம், நடுவில் மூக்குத்தண்டின் மேல் ஒரு கோடு. எவ்வளவு தேய்த்தும் வளையம் மறையவில்லை. சுற்றியிருந்த முகமும் சேர்ந்து சிவந்ததுதான் மிச்சம்.

"இன்னும் ஒரு மணி நேரத்துல வந்து நிப்பாங்க. ஆந்தை மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டு நின்னா எவன்டி கட்டிப்பான்? என்ன பண்ணித் தொலைச்ச? வாயத் திறந்து சொல்லு."

தங்கை கதவோரம் நின்றிருந்த அண்ணனைப் பார்த்தாள். எலுமிச்சைச் சாறு பட்ட கண்ணில் நீர் கோத்திருந்தது. அந்தக் கண்ணால் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?

அவன் தலை இன்னும் ஈரம் காயவில்லை. தோளில் துண்டு. அவன் முகத்திலும் அதே இரண்டு வளையங்கள் இருந்தன. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை.

"ராத்திரி தூங்கியிருக்க மாட்டாம்மா," என்றான். "பயம் இருக்குமில்ல."

தங்கை இன்னும் ஒரு கணம் அவனையே பார்த்தாள். பிறகு, "ஆமாம்மா. தூங்கல," என்றாள்.

தூக்கம் கெட்டால் கண்ணுக்குக் கீழே கருக்கும். புருவத்துக்கு மேலே வட்டம் போடாது. அம்மாவுக்கு அது தெரியாமல் இல்லை. நீச்சல் கண்ணாடி பதிந்த முகத்தை எத்தனையோ வருஷமாக அவள் மகனிடம் பார்த்து வருகிறாள். அவன் முகத்தில் அது பட்டால் உழைப்பு. 'புள்ள எப்படிக் கஷ்டப்படுது பாரு' என்று தடவிக் கொடுப்பாள். மகள் முகத்தில் பட்டால் எலுமிச்சை மூடி.

ஆனால் மகன் சொன்ன பொய் அம்மாவுக்கும் வசதியாக இருந்தது. "தூங்காம என்ன கிழிச்சியோ," என்று முணுமுணுத்துக்கொண்டே பவுடர் டப்பாவை எடுத்துக் கவிழ்த்தாள்.

அவன் மெல்ல நழுவிக் கூடத்துக்கு வந்தான்.

தெருவே அவனைச் 'சாம்பியன்' என்றுதான் கூப்பிடும். அப்பாவின் டயர் கடையில் பஞ்சர் ஒட்ட வருகிறவர்களுக்கெல்லாம் அவனுடைய நானூறு மீட்டர் ஃப்ரீஸ்டைல் கதை மனப்பாடம். விளையாட்டு ஒதுக்கீட்டில் துறைமுகத்தில் வேலை கிடைக்கும், அதற்கு மாநில கேம்ப்புக்குள் நுழைய வேண்டும், நுழைவதற்கான தேர்வு நாளைக் காலை. இதெல்லாம் அப்பாவின் வாயால் ஊருக்கே தெரிந்த விஷயம். தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. சாம்பியனுக்குத் தனியாக நீந்தத் தெரியாது.

கை கால் அடிக்கத் தெரியும், வேகமும் உண்டு. நிதானம்தான் கிடையாது. குதித்த உடனே பேய் மாதிரிப் பாய்வான். பாதி தூரத்தில் மூச்சு முட்டி, கடைசியில் தண்ணீரைப் பிசைவான். கோச் பல வழி பார்த்துவிட்டு, கடைசியில் கரையில் ஸ்டாப்வாட்ச் பிடித்து உட்கார்ந்திருந்த தங்கையைப் பக்கத்து லேனில் இறக்கினார். அவள் கொஞ்சம் முன்னால் கிளம்புவாள். இவன் துரத்த வேண்டும். குளத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஒரு நீளம், நானூறு மீட்டருக்கு எட்டு நீளம். "ஆறாவது நீளத்துக்கு முன்னாடி அவ காலை நீ பிடிச்சேன்னா, நீ செத்தேன்னு அர்த்தம்," என்பது கோச் போட்ட சட்டம். அவள் முதல் நீளத்தை எப்படிப் போனாளோ அப்படியே எட்டாவது நீளத்தையும் போவாள். கூடாது, குறையாது. அதனால் அவளுக்குக் கோச் வைத்த பெயர் 'கடிகாரம்.'

வீட்டில் இதற்கு வேறு கணக்கு. வயசுக்கு வந்த பெண் நீச்சலுடையில் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று அப்பா என்றைக்கோ சொல்லிவிட்டார். ஆனால் அவள் இறங்காவிட்டால் மகன் தேற மாட்டான் என்பதும் அவருக்கு எப்படியோ எட்டிவிட்டது. என்ன செய்வது? 'அண்ணனுக்குக் கடிகாரம் பிடிக்கப் போறா' என்று ஒரு சொல்லைக் கண்டுபிடித்தார்கள். தெருவில் யார் கேட்டாலும் அதே பதில். திரும்பி வரும்போது அவள் தலை சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். கடிகாரம் பிடித்தால் தலை எப்படி நனையும் என்று ஒரு நாளும் ஒருவரும் கேட்டதில்லை. நம் வீடுகளில் பெண்கள் செய்கிற பாதி வேலைக்கு இப்படித்தான், வேறு பெயரில் ஒரு சொல் தயாராக இருக்கும்.

மூன்று மாதத்துக்கு முன், இன்று பெண் பார்க்க வருகிற மருந்துக்கடைக்காரர் வீட்டுச் சம்பந்தம் வந்தது. உடனே கடிகாரமும் நின்றது. நிறம் தெளிய வேண்டும், தோள் வற்ற வேண்டும் என்று அம்மா அவளை வீட்டுக்குள் போட்டுப் பூட்டினாள். அண்ணனின் நேரம் வாரத்துக்கு வாரம் கெட்டது. போன வாரம் அவன்தான் கெஞ்சினான். "நாலே நாலு நாள் வாயேன். விடியறதுக்குள்ள வந்துடலாம். இந்தத் தேர்வு முடியட்டும், அப்புறம் உன்னைக் கூப்பிடவே மாட்டேன்." அவள் மறுக்கவில்லை. அவன் தேய்த்துக் கழித்த பழைய நீச்சல் கண்ணாடிதான் அவளுக்கு எப்போதும். ரப்பர் தளர்ந்துபோனதால் வாரை இறுக்கி இழுத்துக் கட்டியிருந்தாள்.

இன்று காலை கடைசி நீச்சல் முடிந்ததும் கோச் அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"டேய், நாளைக்குப் பொம்பளைங்க நானூறும் இருக்கு. உன் தங்கச்சி பேரைக் குடுத்துட்டேன்."

"சார்..."

"என்ன சார்? உனக்கு முன்னாடி நீந்திக் காமிக்கிற டைமே அவளை கேம்ப்புக்குள்ள தள்ளிடும். மூணு மாசம் எங்கடா வச்சிருந்தீங்க அவளை? கூட்டிட்டு வந்துடு. வீட்டுல நீயே சொல்லிடு."

"சரி சார்."

சைக்கிளில் அவளைப் பின்னால் வைத்து மிதித்து வந்தான். வழி நெடுக அந்தச் சேதி நாக்கு நுனியில் உட்கார்ந்திருந்தது. சொன்னால் அவள் வருவேன் என்பாள். வீட்டில் பூகம்பம் வரும். எப்போதிலிருந்து மறுபடி இறங்குகிறாள், யார் கூட்டிப்போனார்கள் என்று தோண்டுவார்கள். அவன் தேர்வுக்கு முந்தின நாள் நிம்மதி போய்விடும். அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அடியில் கிடந்த இன்னொரு காரணத்தை அவன் தொடவில்லை. அவள் கேம்ப்புக்குப் போய், அவன் போகாவிட்டால்?

பத்து மணிக்கு மருந்துக்கடைக்காரர் குடும்பம் வந்து இறங்கியது. அவர், அவர் மனைவி, வங்கியில் வேலை பார்க்கிற மகன். வீட்டுக்குள் நுழைந்ததும் மருந்துக்கடைக்காரர் பெண் எங்கே என்று தேடவில்லை. அண்ணனைத்தான் பிடித்துக்கொண்டார்.

"நீதானா தம்பி அந்தச் சாம்பியன்? அடேங்கப்பா! தோளுன்னா இது தோளு! கதவை மாட்டி வச்ச மாதிரி இருக்கே!" என்று இரண்டு கையாலும் தட்டிப் பார்த்தார். "டேய், நீயும் இருக்கியே," என்று மகனைத் திரும்பிப் பார்த்தார்.

"எனக்குப் பக்கெட்டுத் தண்ணியே ஆழம்பா," என்றான் மாப்பிள்ளைப் பையன். எல்லோரும் சிரித்தார்கள். நல்ல பையன்தான். நல்ல பையன்களால் இந்த உலகத்தில் எந்தத் தொந்தரவும் வருவதில்லை; எந்த உபகாரமும் வருவதில்லை.

தங்கை தேநீர்த் தட்டோடு வந்தாள். முழுக்கை உடுப்பு, அதற்கு மேல் கழுத்திலிருந்து முழங்கை வரை போர்த்திய சால்வை. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"குளிருதாம்மா உனக்கு?" என்றாள் மருந்துக்கடைக்காரரின் மனைவி. "அதைக் கொஞ்சம் எடேன். வீட்டு மனுஷங்கதானே."

சால்வை இறங்கியது. அந்த அம்மாளின் கண் இடத்தோளில் தொடங்கி வலத்தோளில் போய் நின்றது. துணிக்கடையில் அகலம் பார்ப்பதுபோல.

"பொண்ணு... கொஞ்சம் அகலமா இருக்கு இல்ல?"

"அது எங்க அப்பா வழி உடம்புங்க," என்று அம்மா பாய்ந்து வந்தாள். "கல்யாணம் ஆனா வத்திடும்."

அண்ணன் நாற்காலியில் நெளிந்தான். பத்து நிமிஷம் முன்னால் தட்டிக் கொடுக்கப்பட்ட அவன் தோள் இரண்டும் சட்டைக்குள் திடீரென்று கனத்தன. இரண்டு பேர் தோளும் ஒரே தண்ணீரில் விரிந்தவை. ஒன்று கதவு, இன்னொன்று குறை.

தேநீரை வாங்கக் குனிந்த மருந்துக்கடைக்காரர் மூக்கை உறிஞ்சினார். மருந்துக்குள்ளேயே பிழைக்கிற மூக்கு. "குளோரின் வாசனை வருதே? பொண்ணு தலையிலேர்ந்துதான் வருது."

கூடத்தில் மின்விசிறி மட்டும் 'கிறீச் கிறீச்' என்றது.

"அண்ணன் துணியெல்லாம் இவதான் துவைக்கிறா," என்றாள் அம்மா. "என்னடா?"

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள், தங்கை உட்பட.

"ஆமா," என்றான் அவன். "என் துணியெல்லாம் அவதான்."

"அதானே பாத்தேன்," மருந்துக்கடைக்காரருக்கு மூச்சு வந்தது. "இல்ல, உடைச்சுப் பேசிடறேன். பொண்ணு குளத்துப் பக்கம் போகும் வரும்னு யாரோ காதுல போட்டாங்க. எங்க வீட்டுல அதெல்லாம் ஆகாது. நாலு ஆம்பளைங்க கரையில நின்னு பாக்க, அரைகுறைத் துணியில... என்ன நான் சொல்றது? தம்பி, நீ விவரம் தெரிஞ்சவன், அந்தக் குளத்திலேயே கிடக்கிறவன். நீ ஒரு வார்த்தை சொல்லு, போதும். உன் தங்கச்சி இனிமே தண்ணியில இறங்க மாட்டாள்னு நீ வாக்குக் குடு. உங்கப்பா சொல்றதை விட நீ சொன்னா எனக்குத் திருப்தி."

அப்பா பெருமையோடு மகனைப் பார்த்தார். மகனின் வாக்குக்கு ஊரில் இவ்வளவு மதிப்பா!

யாருடைய உடம்போ, யாருடைய தண்ணீரோ. வாக்கு இவனிடம் கேட்கிறார்கள். அவள் தட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்கிறாள். ஒரு நாற்காலியைக் கொடுக்கிறேன் என்று சொல்வதற்குக்கூட அந்த நாற்காலிக்காரனைக் கேட்க வேண்டும். இங்கே அதுவும் வேண்டியிருக்கவில்லை.

"இறங்க மாட்டா," என்றான்.

"சத்தியமா?"

"சத்தியமா."

"அப்புறம் என்ன சம்பந்தி!" மருந்துக்கடைக்காரர் தொடையைத் தட்டினார். "நாளைக்குத் தம்பி நீந்துறதைப் பாக்க நாங்களும் குடும்பத்தோட வர்றோம். மாப்பிள்ளைக்கு மச்சான் சாம்பியன்னா எங்களுக்கும் பெருமைதானே!"

சாயங்காலம் தங்கை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வாக்கும் வாங்கியாயிற்று, பழக்கத்தில் அவன் துணியும் துவைத்தாயிற்று. பொய் சொன்னால்கூட அது உண்மையாகிற வீடு. அவன் படியேறிப் போய்ப் பக்கத்தில் நின்றான்.

"கண்ணு எரியுதா?"

"இப்ப பரவால்ல."

"பையன் நல்ல மாதிரியாத்தான் தெரியுறான்."

"ம். பக்கெட்டுல விழுந்தா நான்தான் காப்பாத்தணும்." சட்டையை உதறினாள். தண்ணீர் அவன் மேல் தெறித்தது. இருவரும் கொஞ்சம் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கிய பிறகு, கொடியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "காலையில கோச் உன்னைத் தனியா கூப்பிட்டாரே. ஏதாச்சும் சொன்னாரா?"

இதோ. இப்போது சொல்லிவிடலாம். ஒரு வரி. வாய்வரை வந்தது.

"ஒண்ணுமில்ல," என்றான். "திரும்பும்போது முட்டியை மடக்குன்னாரு. எப்பவும் சொல்றதுதான்."

"அப்படியா," என்றாள் தங்கை. அடுத்த துணியை எடுத்துப் பிழிந்தாள். தண்ணீர் முழுக்க வடிந்த பிறகும் முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் குளக்கரையில் கூட்டம். வாடகை வேனில் இரண்டு குடும்பமும் ஒன்றாகவே வந்து இறங்கியது. பார்வையாளர் படிகளில் மூன்றாவது வரிசை. அப்பா, மருந்துக்கடைக்காரர், மாப்பிள்ளைப் பையன் ஒரு பக்கம். அம்மா, மருந்துக்கடைக்காரரின் மனைவி, நடுவில் சால்வை போர்த்திய தங்கை மறுபக்கம். அப்பா வந்தவர் போனவருக்கெல்லாம் மகனைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தார். "நாலாவது லேன். அதோ, தோளை ஆட்டுறான் பாருங்க."

விசில் ஒலித்தது. அவன் குதித்தான்.

முதல் நீளத்தில் எல்லோருக்கும் முன்னால் அவன்தான். படிகளில் அப்பா எழுந்தே நின்றுவிட்டார். இரண்டாவது நீளத்திலும் அவன்தான். மூச்செடுக்க வலப்பக்கம் முகத்தைத் திருப்பினான். அங்கே துரத்துவதற்குக் கால் இல்லை. யாரோ ஒருவன் பின்னால் வந்துகொண்டிருந்தான், அவ்வளவுதான். வேகம் கூடுதலா குறைவா என்று சொல்ல ஆள் இல்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தான். ஐந்தாவது நீளத்தில் கை கனத்தது. ஆறாவதில் கால் தன்னுடையதாக இல்லை. வாக்குக் கொடுத்தேனே, வாக்குக் கொடுத்தேனே என்று ஒவ்வொரு வீச்சுக்கும் தலைக்குள் ஒரு குரல் கேட்டது. ஏழாவதில் இரண்டு பேர் தாண்டினார்கள். எட்டாவதில் இன்னும் மூன்று பேர்.

ஆறாவதாகச் சுவரைத் தொட்டான். கேம்ப்புக்கு முதல் நான்கு பேர்தான்.

தண்ணீரிலிருந்து அவனைத் தூக்கிவிடவே ஆள் வேண்டியிருந்தது. துண்டைப் போர்த்திக்கொண்டு படிகளின் அடியில் உட்கார்ந்தான். மேலே நிமிர்ந்து பார்க்கவில்லை. பேச்சு மட்டும் காதில் விழுந்தது.

"சகுனமே சரியில்ல, ராத்திரியே இருமினான்," என்று அம்மா.

"பக்கத்து லேன்காரன் தண்ணியக் கலக்கிட்டான்," என்று அப்பா.

மருந்துக்கடைக்காரர் இறங்கி வந்து முதுகில் தட்டினார். "பரவால்ல தம்பி, விடு! ஆம்பளப் புள்ள. இந்த வருஷம் இல்லன்னா அடுத்த வருஷம். நம்ம கடையிலேயே சத்து மாத்திரை எடுத்துத் தர்றேன்."

ஒருவர் முகத்திலும் கோபம் இல்லை. திட்டினால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

அப்போது கோச் கையில் அட்டையோடு வேகமாக வந்தார். பெண்கள் நானூறுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தோற்றதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

"கடிகாரம் எங்கடா?"

மருந்துக்கடைக்காரரின் கை இன்னும் அவன் முதுகில்தான் இருந்தது. அந்தக் கையின் சூடு துண்டு வழியாகத் தெரிந்தது.

"வரல சார்," என்றான்.

"வீட்டுல சொன்னியா இல்லையா?"

"சொன்னேன் சார். அவதான் வரலைன்னுட்டா."

சொல்லி முடிக்கவில்லை. மூன்றாவது வரிசையிலிருந்து குரல் வந்தது. கத்தவில்லை, தெளிவாக இருந்தது.

"வந்திருக்கேன் சார்."

தங்கை எழுந்து நின்றாள். சால்வையை மடித்து அம்மாவின் மடியில் வைத்தாள். அந்த அம்மாள் சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். தங்கை அந்த விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல், பிரித்தெடுத்தாள். படிகளில் இறங்கி வந்தாள். கரையில் நின்று முழுக்கை உடுப்பைத் தலைவழியே கழற்றினாள். உள்ளே நீச்சலுடை. விடியற்காலையிலேயே போட்டுக்கொண்டுதான் கிளம்பியிருக்கிறாள்.

"ஐயையோ! ஏய்! ஏய்!" என்று அம்மா வாயில் அடித்துக்கொண்டாள். அந்த அம்மாள் மகனின் முகத்தைப் பிடித்து மறுபக்கம் திருப்பினாள். அவன் நல்ல பையன் ஆதலால் திரும்பினான். கொஞ்சநேரத்தில் தானாகவே இந்தப் பக்கம் பார்த்தான்.

அண்ணனைத் தாண்டித்தான் அவள் போனாள். நிற்கவில்லை. முறைக்கவும் இல்லை. ஒரு தூணைத் தாண்டிப் போவதுபோலப் போனாள்.

விசில்.

இத்தனை வருஷம் கூடவே நீந்தியும் அவள் நீந்துவதை அவன் பார்த்ததில்லை. மூச்சுக்குத் திரும்புகிறபோது தெரிகிற கால் நுரை, அவ்வளவுதான் அவனுக்கு அவள். கரையிலிருந்து இப்போதுதான் முழுசாகப் பார்த்தான். கை உயர்ந்து, முன்னால் நீண்டு, ஓசையில்லாமல் உள்ளே போனது. அடுத்த கை. அடுத்த கை. அவசரம் இல்லை. முதல் நீளத்தில் கடைசிக்கு முந்தின ஆள். படிகளில் யாரோ சிரித்தார்கள். நான்காவது நீளத்தில் முன்னால் போன பெண்களின் கைகள் குறுகத் தொடங்கின. அவள் கை குறுகவில்லை. மூன்று மாதம் வீட்டுக்குள் பூட்டி, எலுமிச்சை தேய்த்து, வற்ற வைக்கப் பார்த்த உடம்பு. ஆறாவது நீளத்தில் வலித்திருக்கும். அவனுக்கு வலித்த அதே இடத்தில் அவளுக்கும் வலித்திருக்கும். அவள் வேகம் மாறவில்லை. ஒருத்தியைத் தாண்டினாள். இன்னொருத்தியை. இன்னும் ஒருத்தியை.

அவனுக்கே தெரியாமல் எழுந்து நின்றுவிட்டான். கத்த வேண்டும் போலிருந்தது. எந்த வாயால் கத்துவது?

மூன்றாவதாக வந்து தொட்டாள். கோச் அட்டையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார்.

படிகளில் மருந்துக்கடைக்காரர் ஏற்கெனவே எழுந்துவிட்டார். "நல்லா இருக்குய்யா உங்க குடும்பம்! நேத்து சத்தியம், இன்னிக்கு இது! தம்பி, நீதானே வாக்குக் குடுத்தே?"

அண்ணன் வாயெடுத்தான். அவனை முந்திக்கொண்டு அப்பா குறுக்கே பாய்ந்தார். "அவன் என்னங்க பண்ணுவான்? பச்சைப் புள்ள! தோத்துப்போன துக்கத்துல உக்காந்திருக்கான். எல்லாம் இந்தக் கழுதை பண்ண வேலை. நாலு பேருக்கு முன்னாடி மானத்த வாங்கிட்டாளே! கொஞ்சமாச்சும் வெக்கம் இருக்கா?"

தோற்றவனுக்குச் சத்து மாத்திரை. ஜெயித்தவளுக்குக் கழுதைப் பட்டம். அவன் செய்த தப்பைக்கூட அவனிடம் விட்டுவைக்காமல் எடுத்து அவள் தலையில் சுமத்திவிட்டார்கள்.

"நான்தான் கூட்டிட்டுப் போனேன்," என்றான். குரல் உடைந்து வந்தது. "அப்பா, நான்தான். கண்ணைச் சுத்தி இருந்ததும், வாசனையும்..."

"பாருங்க, பாருங்க! இப்பவும் தங்கச்சியை விட்டுக்குடுக்க மாட்டேங்கிறான்," என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இந்த மனசு எவனுக்கு வரும்?"

மருந்துக்கடைக்காரரின் மனைவிகூட அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

அவன் திரும்பி நடந்தான். குளத்தின் மறுகோடியில் மேசை போட்டு, தேர்வானவர்களின் விவரம் எழுதிக்கொண்டிருந்தார்கள். தங்கை ஈரம் சொட்ட நின்றிருந்தாள். கேம்ப்புக்குப் பத்து மாதம் அங்கேயே தங்க வேண்டும், பெற்றோர் அல்லது பொறுப்பாளர் சம்மதம் வேண்டும் என்று மேசைக்காரர் சொல்வது அவன் காதில் விழுந்தது. தான் செய்யக்கூடிய காரியம் ஒன்று கடைசியாகக் கிடைத்துவிட்டதுபோல விரைந்தான்.

"நான் போடுறேன் சார். அண்ணன்தான். நான் கையெழுத்துப் போடுறேன்."

பேனாவுக்குக் கையை நீட்டினான். தங்கை பேனாவைக் கொடுக்கவில்லை.

"வேண்டாம்ணா. பதினெட்டு தாண்டினவங்க தானே போட்டுக்கலாமாம். கேட்டுட்டேன்."

குனிந்து தன் பெயரை எழுதினாள். முழங்கையிலிருந்து ஒரு சொட்டு தாளில் விழுந்தது. அதை ஒற்றி எடுத்துவிட்டு அடியில் கோடு போட்டாள்.

நீட்டிய கையை எங்கே வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை.

"உனக்கு எப்படித் தெரியும்? கோச் சொன்னாரா?"

"நேத்துக் காலையிலேயே சொல்லிட்டாரு. நீ சைக்கிள் எடுக்கப் போனப்ப."

"அப்ப மாடியில ஏன் என்கிட்ட கேட்ட?"

முகத்தில் வழிந்த தண்ணீரைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு அவள் அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவன் பிழைத்திருப்பான்.

"நீ சொல்லுவியான்னு பாத்தேன்," என்றாள்.

வாசலில் வேன் உறுமியது. மருந்துக்கடைக்காரர் குடும்பம் வேறு வண்டி பிடித்துப் போய்விட்டது போலும். வேனில் அப்பாவும் அம்மாவும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா ஜன்னல் வழியே கையை ஆட்டிக் கூப்பிட்டாள். தங்கையை அல்ல.

"டேய் கண்ணு, வாடா சீக்கிரம்! தலை ஈரத்தோட காத்துல நிக்காதே, சளி பிடிச்சுக்கும்!"

அவன் பக்கத்தில் நின்றவளின் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.